ஒரு நாளைக்கு எவ்வளவு கோக்?

ஆகஸ்ட் 6

இன்று நாள். பதினொரு மணிக்கு மேல் இரும்பு இறங்கியது. நல்ல சூடு, நல்ல ஓட்டம். ஆறுச்சாமி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்தால் இரும்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உலையைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர். அவர் முகம் சுளித்தால் பம்பு பாடியில் ஓட்டை விழும் என்று முன்கூட்டியே ஆளுக்கு ஆள் திட்டு வாங்கத் தயாராகிவிடுவார்கள்.

எங்கள் பட்டறையில் உருக்குகிற நாளுக்குத்தான் நாள் என்று பேர். புதனும் சனியும். மற்ற கிழமைகளில் மண்ணில் அச்சுப் போடுவார்கள், வார்த்ததைத் தட்டி எடுப்பார்கள், பிசிறு உடைப்பார்கள். எல்லாம் வேலைதான், கூலியும் உண்டு, ஆனால் அது நாள் இல்லை. கோயமுத்தூர் கணபதியில் கோக் கரி எரிக்கிற குப்போலா உலை வைத்திருக்கிற எந்தப் பட்டறையில் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். "நாளைக்கு நாளுங்களா?" என்று கேட்பார்கள். வெளியாளுக்கு ஒன்றும் புரியாது.

மாலையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து நோட்டீஸ் வந்தது. மார்ச் முடிவதற்குள் கோக் எரிக்கும் உலையை நிறுத்த வேண்டும், கரண்ட் உலைக்கு மாறலாம், மாறாவிட்டால் பூட்டு. பின்னால் கட்டிய அடுக்குமாடிக்காரர்கள் கொடுத்த புகார். இந்தப் பட்டறை இங்கே வந்தபோது அந்த இடத்தில் சோளம் விளைந்தது. புகைக்கூண்டு தெரியாமலா வீடு வாங்கினார்கள்? நன்றாகக் கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன். ஒரு பெண் மாடியில் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். வெள்ளைத் துணி முழுக்கப் பொடிப் பொடியாகக் கறுப்பு. வந்த கோபத்தை அப்படியே எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 8

சிலிண்டர் வந்தது. தண்ணீர் வரவில்லை.

சந்துக்கு அந்தப் பக்கம் சிகாமணி பட்டறையில் இந்த வாரம் புகையே காணோம். எனக்கென்ன.

ஆகஸ்ட் 11

கரண்ட் உலை விலை விசாரித்தேன். டிரான்ஸ்பார்மர், பேனல், குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்துச் சொன்ன தொகையைக் கேட்டதும் போனை வைத்துவிட்டேன். பாதி என்னால் முடியும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது அவ்வளவு இருக்கிறது. மீதிப் பாதிக்கு எங்கே போவது? மார்ச்சில் பட்டறையைப் பூட்டிவிட்டு முப்பது பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 18

பிரசன்னா என்று ஒரு பையன் வந்தான். மானிய ஆலோசகராம். கையில் இரண்டு போன், காலில் பளபளவென்று ஷூ. மண் கொட்டிக் கிடக்கிற இடத்தில் ஈரத்தில் நடக்கிற பூனை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

விஷயம் இதுதான். இரும்பு உருக்கும் பட்டறைகள் காற்றில் விடுகிற கரியைக் குறைக்க அரசாங்கம் ஒரு மானியம் கொண்டுவந்திருக்கிறது. கோக் உலையை எடுத்துவிட்டுக் கரண்ட் உலை வைத்தால் விலையில் பாதி அரசாங்கம் தரும். ஆனால் கோயமுத்தூர் வட்டாரத்தில் பத்துப் பட்டறைக்குத்தான். எந்தப் பட்டறை அதிகக் கரியைக் குறைக்குமோ அதற்கு முதலிடம். அப்படியே வரிசை.

"இப்ப நெறையப் புகை விடறவங்களுக்கு நெறைய மார்க்குங்க மேடம்" என்றான்.

"அப்ப இத்தனை வருசம் நல்லபடியா உலை ஓட்டினவனுக்கு நாமமா?"

"திட்டம் அப்படிங்க."

கரண்டும் எங்கேயோ நிலக்கரி எரித்துத்தானே வருகிறது என்று கேட்டேன். அது வேற டிபார்ட்மென்ட் மேடம் என்றான். சரிதான்.

விண்ணப்பித்தோம். சிகாமணியும் விண்ணப்பித்திருக்கிறானாம், பிரசன்னாதான் சொன்னான். அவனுக்கும் அதே நோட்டீஸ், அதே மார்ச். என் வீட்டுக்காரருடைய சொந்தத் தம்பி. இவர் போய் ஒரு மாதம் திரும்புவதற்குள் பெரிய கம்பெனியின் ஆர்டரையும் அதற்கான மர அச்சுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்துக்கு எதிரே தனியாகக் கடை போட்டவன். அன்றிலிருந்து அவனும் அவன் பெண்டாட்டி யசோதாவும் இந்த வாசலில் கால் வைத்ததில்லை. வைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 23

சனிக்கிழமை, நாள். மானியத்துக்காக எவ்வளவு கோக் எரிகிறது என்று அளக்க வந்தார்கள். வருகிறவர்கள் உலை எரியும்போது பார்க்கட்டும் என்று நான்தான் சனிக்கிழமை வரச் சொன்னேன்.

வந்த இன்ஜினியர் ஹெப்சிபா, நாகர்கோவில் பெண். இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும். பயப்படாமல் உலை மேடை வரைக்கும் ஏறிப் போய்விட்டாள். கோக் கூடைகளை நிறுத்துப் பார்த்தாள், ஆறுச்சாமியிடம் என்னவோ கேட்டாள், குறித்துக்கொண்டாள். பில் வேண்டுமா என்று எடுத்து வைத்தேன். "வேண்டாம் மேடம். பில்லுல எல்லாரும் கொறைச்சுத்தான் காட்டுவாங்களாம். நேர்ல பாத்து எழுதுனாப் போதும்னு மேல சொல்லியிருக்காங்க" என்றாள். நான் ஒரு கூடைகூடக் குறைத்துக் காட்டியதில்லை, யாரிடம் சொல்ல.

கீழே இறங்கி வந்து என்னிடம் மாதத்துக்கு எத்தனை நாள் வேலை என்று கேட்டாள். இருபத்தாறு என்றேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் கூலி கொடுக்கிறேனே.

முகமெல்லாம் கரியோடு நின்றாள், பாவம். சோறு சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். தக்காளி ரசமும் பீன்ஸ் பொரியலும். மீன் இல்லாமல் சாப்பிடுவது இந்த வாரத்தில் அவளுக்கு நாலாவது நாளாம்.

செப்டம்பர் 3

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்திருக்கிறேன். இன்று யாரோடும் பேசவில்லை, பட்டறையில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

செப்டம்பர் 16

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. வரும் வழியில் யசோதாவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். அவள் ஸ்கூட்டி என்னாயிற்றோ. கழுத்தில் தாலிக்கொடி இல்லை, மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்ததும் பஸ் நம்பர் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் பஸ் நம்பர்தான் பார்த்தேன்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. உலைக்குச் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்தேன். ஆறுச்சாமி வேட்டி சட்டையில் வந்திருந்தார், அடையாளமே தெரியவில்லை.

சிகாமணி பட்டறையிலும் மாலை கட்டியிருந்தது. சின்ன மாலை.

அக்டோபர் 14

கிடைத்துவிட்டது!

பிரசன்னா போனில் கத்தினான். பத்தில் பத்தாவது. கடைசி ஆள், ஆனால் உள்ளே. அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றேன், விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தேன்.

ஆட்களிடம் சொன்னேன். விசில் அடித்தார்கள். கரண்ட் உலையில் விரும்பினால் தினமும் உருக்கலாம் என்றதும் ஆறுச்சாமி மட்டும் யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

"தினமும் நாளுன்னா, அப்புறம் நாளுக்கு என்னங்கம்மிணி மருவாதி?"

உலைக் கம்பெனிக்கு என் பங்கிலிருந்து முன்பணம் கட்டிவிட்டேன். மின்வாரியத்திலும் பெரிய லைனுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, எங்கள் கேட்டுக்கு முன்னாலேயே கம்பம் இருப்பதால் சுலபமாம்.

அக்டோபர் 18

தீபாவளிப் பெட்டி கொடுத்தேன். மைசூர்பாகு, மிக்சர், ஆளுக்கொரு துணி. முறுக்கு வீட்டில் சுட்டது, மாவு அளவு தெரியாமல் அதிகமாகிவிட்டது. ஒரு டப்பா ஆறுச்சாமியிடம் கூடுதலாகக் கொடுத்தேன். அவர் மகள் சிகாமணி வீட்டுத் தெருவில்தான் குடியிருக்கிறாள். அங்கே யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

நவம்பர் 4

கோக் வியாபாரி நாச்சிமுத்து வந்தார். மார்ச்சுக்குப் பிறகு கோக் வேண்டாம் என்று சொன்னால் மனுஷர் வருத்தப்படுவார் என்று நினைத்து, மானிய உத்தரவைக் காட்டி, காப்பி கொடுத்து, பக்குவமாகச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தவர் சிரிக்க ஆரம்பித்தார். காப்பி சட்டையில் சிந்துகிற அளவுக்குச் சிரிப்பு.

"என்னங்க நாச்சிமுத்து?"

"வருசத்துக்கு நானூத்தி அறுபத்தெட்டு டன் கோக் எரிக்கறீங்கன்னு போட்டிருக்குதுங்க. எங்கிட்ட நீங்க வாங்கறது அதுல மூணுல ஒரு பங்குகூட முழுசா வராது. மிச்சத்தை எவன்கிட்ட வாங்கறீங்க? சொல்லுங்க, அவனை நான் பாத்துக்கறேன்."

வாங்கிப் படித்தேன். நானூற்று அறுபத்தெட்டு என்றுதான் இருந்தது. கிடைத்த சந்தோஷத்தில் மானியத் தொகையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேனே தவிர இந்த வரியை நான் படிக்கவே இல்லை. அட கெரகமே!

நவம்பர் 5

இன்று நாள். உலை அடங்கிய பிறகு ஆறுச்சாமியைக் கூப்பிட்டேன்.

"அந்த நாகர்கோவில் புள்ள மேடையில வெச்சு உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு கோக்குன்னு கேட்டுதுங்க. ஒண்ணரை டன்னுன்னேன். கரெக்டுதானுங்களே?"

"வெறும் நாளா, நம்ம நாளா?"

"அதென்னங்கம்மிணி வெறும் நாளு? வெறும் நாள்ல எவன் கோக்குப் போடறான்?"

அவர் சொன்னது சத்தியம். நான் இருபத்தாறு நாள் வேலை என்று சொன்னதும் சத்தியம். இரண்டு சத்தியத்தையும் அந்தப் பெண் பெருக்கிவிட்டாள். வாரத்துக்கு இரண்டு தடவை எரிகிற உலை காகிதத்தில் தினமும் எரிகிறது. அந்தப் புகையில்தான் நான் பத்தாவது இடத்துக்கு ஏறியிருக்கிறேன்.

ஆறுச்சாமிக்கு விளங்கச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "நான் வேணுமின்னு சொல்லலீங்கம்மிணி" என்றார். எனக்குத் தெரியாதா.

நவம்பர் 7

பிரசன்னாவை வரவழைத்தேன். சொன்னேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தான்.

"மேடம், நீங்க பொய் சொல்லலை. கையெழுத்துப் போட்ட இடத்துல எல்லாம் உண்மையைத்தான் சொல்லியிருக்கீங்க. பெருக்குனது அவங்க."

"ஒரு வருசம் கழிச்சு வந்து பாப்பாங்களே, சொன்ன அளவு கொறைச்சயான்னு?"

"பாக்கட்டும். கரண்ட் உலை வந்ததும் கோக் பூஜ்யம். எதுல இருந்து பூஜ்யம் ஆச்சுன்னு யாரு கேக்கப் போறா? பூஜ்யம்னா பூஜ்யம்தான் மேடம்."

நல்ல கெட்டிக்காரன். இவனைப் பெற்றவள் எப்படித்தான் சமாளித்தாளோ. ஆனால் அவன் சொல்வதில் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை. நாச்சிமுத்து வாயைத் திறக்க மாட்டார், அவருக்கு ஆயிரம் வேலை. யாருக்கும் நஷ்டமில்லை. நல்லபடியாகத் தூங்கலாம்.

நவம்பர் 12

யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் எழுதியது தப்பு.

பிரசன்னா இன்று முழுப் பட்டியலையும் போனில் கொண்டுவந்து காட்டினான். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தே வந்திருக்கிறான். "உங்களுக்கு அடுத்தாப்ல நூல் அளவுல தவற விட்டது யாருன்னு பாருங்க மேடம்."

பதினொன்றாவது, காத்திருப்போர் பட்டியலில் முதல் பேர், தெய்வசிகாமணி. நல்லா வேணும் என்றேன். பிரசன்னாவும் சிரித்தான்.

உண்மையான கணக்குப் போட்டால் நான் இருபதுக்கும் கீழே போய்விடுவேன், அந்த இடம் அவனுக்குப் போகும். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ராத்திரிச் சோறு மட்டும் இறங்கவில்லை. மத்தியானம் மோர்க்குழம்பு கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன்.

நவம்பர் 13

வாசல் குழாய் ஒழுகுகிறது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 15

நாள். இரும்பு சரியில்லை, ஆறுச்சாமி முகமும் சரியில்லை. எட்டு பம்பு பாடி வீண்.

அவன் ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போனபோது என் நிலைமையை நினைத்தானா? மரத்து அச்சு ஒவ்வொன்றையும் நான் பார்த்துக்கொண்டிருக்கத்தானே வண்டியில் ஏற்றினான். எனக்கு உலை பற்றவைக்கத் தெரியாது, செக் எழுதத் தெரியாது, யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாது. அழுதுகொண்டே கற்றுக்கொண்டேன். இப்போது நான் போய் என் கையால் எடுத்து அவன் தட்டில் வைக்க வேண்டுமாம். முடியாது. ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. முடியவே முடியாது.

நவம்பர் 18

குழாய்க்காரன் வரவில்லை.

சிகாமணியின் ஆள் இருவர் வேலை கேட்டு இங்கே வந்தார்கள். அங்கே மூன்று வாரமாக நாளே இல்லையாம். "ஓனரம்மா கழுத்துல கெடந்தது முன்னமே போச்சு, கையில கெடந்ததை வெச்சுத்தானுங்க போன வாரக் கூலி குடுத்தாங்க" என்றான் ஒருவன். இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன். அப்புறம் கேட் வரை போய்த் திரும்பக் கூப்பிட்டு, பிசிறு உடைக்க நாளையிலிருந்து வரச் சொன்னேன். அங்கே ஆள் கெட்டுப்போனால் இங்கே எனக்கென்ன. பிசிறு வேலை நிஜமாகவே தேங்கிக் கிடக்கிறது.

நவம்பர் 21

போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஹெப்சிபாவின் ஆபீஸ் மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நாள் என்றால் என்ன என்று முதலிலிருந்து விளக்கினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எங்க ஊருல நாள்னா நாளுதான் மேடம். நான் எப்பிடிக் கண்டேன்!"

"உம் மேல தப்பில்லை கண்ணு. நீ கேட்டதுக்கு அவரு பதில் சொன்னாரு. நீ கேட்டது வேற, அவரு காதுல விழுந்தது வேற."

"சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்லா? எதுக்கு மேடம் வந்து சொன்னீங்க?"

"கணக்கு தப்பு" என்றேன். அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை. தப்புக் கணக்கில் வந்த உலையை வைத்துக்கொண்டு தினமும் அந்த வெப்பத்தில் நிற்க என்னால் ஆகாது. சிகாமணிக்காக என்று யாராவது சொன்னால் பல்லைத் தட்டிவிடுவேன்.

அவளுக்கு வேலை போய்விடுமோ என்று கவலை எனக்கு. நானே வந்து சொன்னதாக எழுதிக் கொடுத்தேன். பட்டியலில் வேறு பட்டறைகளையும் இப்படி அளந்திருப்பாளே என்றேன். மற்றதெல்லாம் பெரிய பட்டறை, அங்கே தினமும் உருக்குகிறார்கள், ஒருத்தர்தான் சின்னவர், உங்கள் எதிர்ப் பட்டறைக்காரர், அவர் ரெண்டு நாள் என்று அவராகவே தெளிவாகச் சொல்லிவிட்டார் என்றாள். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வெளியாட்களோடு பேச வரும். அவனும் வாரத்துக்கு இரண்டு நாள்தான், ஆனால் அவன் உலை பெரிது.

பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தலைவலி மாத்திரை கொடுத்தாள்.

நவம்பர் 22

நாள். ஆட்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன். யாரும் விசில் அடிக்கவில்லை.

"வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாமுங்கம்மிணி" என்றார் ஆறுச்சாமி. அதற்குமேல் பேசவில்லை. மத்தியானம் என்னிடம் சொல்லாமலே காப்பிக்குப் போய்விட்டார். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது, மார்ச்சில் அவருக்கும்தான் வேலை போகும்.

டிசம்பர் 9

ரத்து உத்தரவு வந்துவிட்டது. வார்த்தை மரியாதையாகத்தான் இருக்கிறது. உலைக் கம்பெனிக்காரன் முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டானாம், வேண்டுமானால் உலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். பாதி உலையை எடுத்துக்கொண்டு வந்து நான் ரசம் வைக்கவா?

டிசம்பர் 10

மின்வாரியத்துக்காரர்கள் வந்து பெரிய லைன் கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல நேரம் பார்த்து வருகிறார்கள்.

டிசம்பர் 19

ஹெப்சிபா போன் செய்தாள். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையாம், நாள் என்றால் என்ன என்று எல்லோருக்கும் அவளையே வகுப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம். சிரித்துவிட்டேன், ரொம்ப நாளைக்குப் பிறகு. மானியம் சிகாமணி பேருக்கு உத்தரவாகிவிட்டது என்றும் சொன்னாள். அப்புறம் வேறு சில விஷயம் பேசினோம்.

ஜனவரி 5

சிகாமணிக்கு மானியம் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. அவன் பட்டறையில் ஒரு செங்கல்கூட அசையவில்லை. உலைக்கு அடித்தளம் தோண்ட வேண்டாமா? கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது.

ஜனவரி 15

பொங்கல். பால் பொங்கியது. தனியாக எவ்வளவுதான் சாப்பிடுவது, மிச்சத்தை ஆறுச்சாமி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது பேசுகிறார்.

ஜனவரி 27

பதினொரு மணி இருக்கும். கூலிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சிகாமணி. தலை பாதி நரைத்துவிட்டது. சந்துக்கு எதிரே இருந்தும் இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஒரு நிமிஷம் அவரே வந்து நிற்கிற மாதிரி இருந்தது, அதே தாடை.

"அண்ணி" என்றான்.

"என்ன?"

உட்காரச் சொல்லவில்லை. அவனாகவே நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"மானியம் எம் பேருக்கு வந்திருக்குதுங்க."

"தெரியும்."

"உங்களுக்கு வந்ததாமா. நீங்களே போயி வேண்டாம்னீங்களாமா."

"வேண்டாம்னு சொல்லலை. கணக்கு தப்புன்னு சொன்னேன்."

"அது எனக்குத்தான் வரும்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து டிராயரில் போட்டு மூடினேன். "வந்த விசயத்தைச் சொல்லு" என்றேன்.

சொன்னான். மீதிப் பாதிப் பணத்துக்கு வழியில்லை. பெரிய கம்பெனி ஆர்டர் நின்று ஆறு மாதமாகிறது, பேங்கில் கையை விரித்துவிட்டார்கள். பெரிய லைன் அவன் பக்கம் வராதாம், கம்பம் நட இடமில்லை. பிப்ரவரிக்குள் உலைக்கு ஆர்டர் கொடுக்காவிட்டால் மானியம் பன்னிரண்டாவது ஆளுக்குப் போய்விடும்.

"எங்கிட்டப் பாதி இருக்குது. உங்ககிட்டப் பாதி இருக்குது. அதான் வெக்கத்தை விட்டுட்டு வந்தேனுங்க."

கேட்டுக்கொண்டேன். உலை என் இடத்தில் வைத்து, மானியம் வாங்கினவர் பேரில் இருந்து, இரண்டு பட்டறையும் சேர்ந்து பயன்படுத்தினால் சட்டப்படி செல்லும், ஆனால் இரண்டு கோக் உலையையும் உடைத்துக் காட்ட வேண்டும். இது எனக்கு ஏற்கெனவே தெரியும். டிசம்பரில் ஹெப்சிபாவோடு பேசும்போது எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டு வைத்திருந்தேன்.

பேரம் பேசினேன். விடவில்லை. உலை அவன் பேரில், இடமும் லைனும் என் பேரில். கரண்ட் பில் உருக்குகிற எடைக்குத் தக்கபடி. இரண்டு பட்டறை ஆட்களுக்கும் ஒரே கூலி, ஒருவரையும் நிறுத்தக் கூடாது, உலைப் பொறுப்பு ஆறுச்சாமிக்கு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எங்கேயாவது ஒரு இடத்தில் எதிர்த்துப் பேசுவான், நன்றாக நாலு கேட்கலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். இடமே கொடுக்கவில்லை.

எழுந்திருக்கும்போது சொன்னான். "அந்த அச்சுக எல்லாத்தையும் வெச்சிருக்கறேனுங்க அண்ணி. அண்ணன் செதுக்குனது. கொண்டாந்து இங்கயே வெச்சர்றேன்."

நான் கூலிச் சீட்டைப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் தெரியவில்லை. "சரி, கெளம்பு. நாளைக்கு வா, எழுதிக்கலாம்" என்றேன்.

வாசல் வரை போனபோதுதான் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, வெயிலில், அவனுடைய பழைய வண்டியைப் பிடித்துக்கொண்டு யசோதா நின்றாள். இவ்வளவு நேரமும் அங்கேயே நின்றிருக்கிறாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். இந்த வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருஷ இடைவெளியில் மருமகளாக வந்தோம். ஒரே சட்டியில் தின்றவர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏன், உள்ள வந்தாக் கால் தேஞ்சா போயிரும்? வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புடணுமா?" என்று சத்தம் போட்டேன். பிசிறு உடைக்கிறவர்கள் எல்லோரும் சுத்தியலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"இந்த வாசலை மிதிக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்கக்கா சொன்னீங்க. அவரோட பதினாறாம் நாளு விசேசத்தன்னிக்கு."

சிகாமணி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான், மாட்டி முடியவே இல்லை.

எங்கள் கேட் இரட்டைக் கதவு. லாரி வந்தால்தான் இரண்டையும் திறப்போம். ஒரு பக்கம் திறந்துதான் இருந்தது. நான் போய் மற்றதன் தாழ்ப்பாளைத் தூக்கினேன். துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, ஆறுச்சாமி ஓடிவந்தார், வேண்டாம் என்று சொல்லி நானே உதைத்துத் திறந்தேன்.

"வண்டியோடயே வா" என்றேன்.